மூன்றாம் கணினியின் முதற்பக்கம்

இணையக் கடைக்காரன் விற்பது நேரம். வாங்க வருகிற எல்லாரும் அது குறைவாக இருந்தால் நல்லது என்றுதான் கேட்கிறார்கள்.

கண்டியில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கடையில், யுத்தத்தின் கடைசி வருடங்களில் நான் இந்த வியாபாரத்தில் இருந்தேன். ஐந்து கணினிகள், ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஒரு இணைப்பு. திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்தபடி நீங்களும் எங்காவது பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தால், நமக்குள் அறிமுகம் தேவையில்லை. உலாவியைத் திறந்தவுடன் எந்தப் பக்கம் முதலில் வரவேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் நிம்மதியாக இருந்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளைத் திரை

உலாவியை அப்படியே விட்டால், திறந்தவுடன் அது தன்னைத் தயாரித்த கம்பெனியின் பக்கத்துக்குப் போகும். நடிகைகளின் படங்கள், வேறு ஏதோ நாட்டின் காலநிலை, பங்குச் சந்தை. கண்டியில் ஒருவரும் கேட்காத இந்தத் தகவல்கள் வந்துசேர நான்கு நிமிடம் எடுக்கும். நான் ஐந்து கணினிகளிலும் அதை நீக்கி, வெற்றுப் பக்கம் வரும்படி மாற்றினேன். கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தெல்தோட்டையிலிருந்து ஒரு டீச்சர் சனிக்கிழமைகளில் வருவார். கட்டாரில் இருக்கும் கணவருக்குக் கடிதம் எழுதுவார். அன்று திரையை இரண்டு நிமிடம் பார்த்தார். மவுஸைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். எல்லாம் வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு என்று நான் விளக்க விளக்க, அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. "போன வாரம் படமாச்சும் காட்டினீங்க. இன்னைக்கு வெள்ளத் தாளக் காட்டிட்டுக் காசு கேக்குறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

முதலாளியின் கவலை

அதன் பிறகு வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் அவரவர் தேடிவருவதையே முதற்பக்கமாக வைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். ஒருவருக்குப் பரீட்சை முடிவு, இன்னொருவருக்கு வெளிநாட்டு வேலை, மற்றவருக்கு மின்னஞ்சல். கணினிகளில் ௧, ௨, ௩ என்று தமிழ் இலக்கங்களை எழுதி ஒட்டியிருந்தேன். ஒருவருக்கும் அவற்றை வாசிக்கத் தெரியவில்லை. ஆகவே எல்லாரையும் நானே கூட்டிப்போய் உட்காரவைக்க வேண்டியிருந்தது. அவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் எனக்கு இருந்தது என்பதை மறுக்கவில்லை.

ஒரு மணித்தியாலம் இருந்தவர்கள் இருபது நிமிடத்தில் எழுந்து போனார்கள். கீழே துணிக்கடை வைத்திருந்த முதலாளி, படியிறங்கிப் போகிறவர்களின் சிரித்த முகங்களைக் கண்டு சந்தேகப்பட்டு மேலே வந்தார். நான் என் கெட்டித்தனத்தை ஒன்றும் விடாமல் எடுத்துச் சொன்னேன். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "நீங்க படிச்ச மனிசன்தான் மகன், இல்லண்டு சொல்லல்ல. ஆனா மத்தவங்கட நேரத்த மிச்சப்படுத்திக் குடுக்க நாங்க என்ன பள்ளிவாசலா நடத்துறோம்?"

பகல் சாப்பாட்டு நேரம்

தில்லைநாதன் சேர் யாழ்ப்பாணத்தவர். கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞர், ஐம்பதைத் தாண்டியவர், தனி ஆள். சண்டை வன்னியில் ஒரு கடற்கரைத் துண்டுக்குள் சுருங்கிக்கொண்டிருந்த மாதங்களில் எங்கள் கடைக்கு வரத் தொடங்கினார். அவருடைய ஒரே தங்கை தவமலர் அந்தத் துண்டுக்குள் இருந்தார். உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. காயம்பட்டவர்களைக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பல ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டில் இருந்த சில தொண்டர்கள் அவர்களின் பெயர்களைத் திரட்டி ஓர் இணையத்தளத்தில் போட்டுவந்தார்கள்: பெயர், வயது, வந்த தேதி, எந்த ஆஸ்பத்திரி.

அவருக்குக் கிடைத்தது பகல் சாப்பாட்டு நேரம் மட்டும். அதில் பாதியை அந்தத் தளத்தின் முகப்பு விழுங்கிவிடும். முகப்பு முழுக்கக் காயம்பட்டவர்களின் பெரிய பெரிய படங்கள். அவை மேலிருந்து கீழாக, விரற்கடை விரற்கடையாக இறங்கும். அவர் முகத்தைத் திருப்பி, யன்னலுக்கு வெளியே பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். "முடிஞ்சுதோ?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் திரும்புவார். ஒருநாள் சொன்னார்: "இந்தப் படங்களை விட்டிட்டுப் பட்டியலை மட்டும் காட்டுமெண்டால் காணும் தம்பி. ஒரு பேரைத்தானே நான் தேடுறன்."

மோட்டார் சைக்கிள் வாங்க வந்தவர்

முதலில் எனக்குத் தோன்றிய வழி, கடைசியாகத் திறந்திருந்த பக்கத்திலேயே, அவர் வழக்கமாக உட்காரும் மூன்றாம் கணினி மறுபடி திறக்கும்படி வைப்பது. அதே கணினியில் மற்றவர்களும் உட்காருவார்கள் என்பதை மறந்துவிட்டேன். அன்று பின்னேரம், பழைய மோட்டார் சைக்கிள் விலை பார்ப்பதற்காகச் சீருடையோடு ஒரு பொலிஸ்காரர் வந்து அதில் உட்கார்ந்தார். திறந்தவுடன் திரை நிறையத் தமிழ்ப் பெயர்கள்.

வருகிறவர்களின் அடையாள அட்டை இலக்கங்களைக் கொப்பியில் எழுதிவைத்துப் பொலிஸுக்குக் காட்டவேண்டிய காலம் அது. "மே மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். காயம்பட்டவர்களின் பெயர்கள், ஒரு வாடிக்கைக்காரர் தங்கையைத் தேடுகிறார் என்று சொன்னேன். தனக்கு வாசிக்கத் தெரியாத அந்தப் பட்டியலை அவர் மெல்ல மெல்லக் கடைசிவரை இறக்கிப் பார்த்தார். பிறகு பக்கத்தை மூடிவிட்டு, தெரிந்த தமிழில் சொன்னார்: "நம்ம தம்பியும் அந்தப் பக்கம்தான், ஆமியில. அவங்களுக்கு இந்த மாதிரி லிஸ்ட் ஒண்ணும் போடுறது இல்ல."

கந்தையர்

அடுத்த நாளே முறையை மாற்றினேன். பட்டியல் இருந்த பக்கத்தின் முகவரியைப் பிரதி செய்து, ஒரு குறிப்பாக மூன்றாம் கணினியில் சேமித்தேன். தினமும் பன்னிரண்டு மணிக்கு அதை எடுத்து முதற்பக்கமாகப் போடுவேன். அவர் போனதும் பழையபடி வெற்றுப் பக்கம். முகப்பு இல்லை, படங்கள் இல்லை. உலாவியைத் திறந்தால் நேரே பட்டியல். அவர் முதன்முதலாகச் சிரித்ததை அன்றுதான் கண்டேன். மிஞ்சிய நேரத்தில் சோற்றுப் பார்சலைக் கடையிலேயே பிரித்துச் சாப்பிடத் தொடங்கினார். அதற்கு முன் பல நாட்கள் அவர் பகலில் சாப்பிடாமலே இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு வாரம் பட்டியல் வளர்ந்தது. பிறகு நின்றுவிட்டது. கடைசிப் பெயர் கந்தையா, வயது எழுபத்தொன்று. மறுநாளும் கந்தையா. அதற்கு அடுத்த நாளும் அவரே. கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்றேன். சண்டை கடுமையாக இருக்கும் என்றார். அவர் ஒருநாள்கூட அடியிலிருந்து தொடங்கவில்லை. மேலிருந்து ஒவ்வொரு பெயராக வாசித்துத்தான் கந்தையாவிடம் வருவார். வந்ததும் பார்சலைச் சுருட்டிக்கொண்டு எழும்புவார். "இண்டைக்கும் கந்தையர்தான் தம்பி. கப்பல் வரேல்லைப் போல."

கடுகண்ணாவை டொக்டர்

மூன்றாம் கணினியில் வைரஸ் புகுந்தது. எங்களுக்குக் கணினி திருத்துகிறவர் கடுகண்ணாவையிலிருந்து வருவார். தன்னை டொக்டர் என்று கூப்பிட்டால்தான் பெட்டியைத் திறப்பார். ஒரு காலைக்குள் எல்லாவற்றையும் அழித்து, கணினியைப் புதிதாக்கிவிட்டுப் போனார். நான் சேமித்த முகவரியும் அதோடு போனது. தில்லைநாதன் சேர் வந்தபோது எனக்கு வேறு வழி இருக்கவில்லை. தளத்தின் பெயரை அடித்து, முகப்பு வழியாகவே போனேன். படங்கள் இறங்கத் தொடங்கின. அவர் யன்னல் பக்கம் திரும்பினார்.

நான் திரையைப் பார்த்தேன். படங்களுக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஓர் அறிவித்தல் இருந்தது: இன்று முதல் புதிய பெயர்கள் வேறொரு பக்கத்தில் இடப்படும், பழைய பட்டியல் இருந்தபடியே இருக்கும். தெளிவான, பிழையில்லாத தமிழ். போட்ட தேதியைப் பார்த்தேன். பதினொரு நாட்களுக்கு முந்தியது. பதினொரு நாட்களும் நான் அவரை அந்த அறிவித்தலைத் தாண்டி, வளர்ச்சி நின்றுபோன ஒரு பட்டியலுக்கு நேரே கூட்டிப்போயிருக்கிறேன்.

புதிய பக்கத்தைத் திறந்தேன். கந்தையாவுக்குப் பிறகு நூற்றுக்கணக்கான பெயர்கள். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல மேலிருந்து தொடங்கினார். அதிக நேரம் எடுக்கவில்லை. விரலைத் திரையிலிருந்து எடுக்காமல் வாசித்தார்: "தவமலர்… முப்பத்தெட்டு… பொலன்னறுவைப் பக்கத்து ஆஸ்பத்திரி. இருக்கிறாள் தம்பி, இருக்கிறாள். ஆனா இது பத்து நாளைக்கு முந்தின தேதியெல்லே?"

வேறு ஒருவரின் கட்டில்

அவர் கச்சேரிக்குத் திரும்பவில்லை. மாடியிலிருந்து இறங்கி நேரே பொலன்னறுவை பஸ்ஸில் ஏறினார். மூன்றாம் நாள் கடைக்கு வந்தார். அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தாராம். தவமலர் ஒன்பது நாட்கள் அங்கே இருந்திருக்கிறார். அண்ணன் அங்கே போனதற்கு முதல்நாள் காலைதான் அவரை வவுனியாவுக்கு, அகதி முகாமுக்கு, பஸ்ஸில் அனுப்பியிருக்கிறார்கள். முகாமுக்குள் உறவினர்களை விடுகிறார்களில்லை. எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

நான் அவரை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். சிலவேளை அவருக்கு விளங்காமலே போயிருக்கும்; சொல்லாமலும் விட்டிருக்கலாம். அந்த யோசனையும் எனக்கு வந்தது. ஒரு தாளில் முகப்பு, பழைய பக்கம், புதிய பக்கம் என்று மூன்று பெட்டி கீறி, என் குறுக்குவழி எதைத் தாண்டிப் போனது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "நீர் எனக்கு நேரத்தை மிச்சம் பிடிச்சுத் தந்தனீர். நான் அதிலை இருந்து சோறு திண்டனான். இதிலை ஆரை ஆர் ஏசுறது தம்பி?"

தவமலர்

யுத்தம் முடிந்து, முகாமைத் திறந்துவிட ஆறு மாதத்துக்கு மேல் சென்றது. ஒரு சனிக்கிழமை, தில்லைநாதன் சேர் தங்கையைக் கடைக்குக் கூட்டிவந்தார். தவமலர் இடது காலை ஊன்ற முடியாமல், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். மெலிந்த பெண், அண்ணனின் அதே நெற்றி. தன் பெயர் இருந்த பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். மூன்றாம் கணினியில் திறந்து கொடுத்தேன். வாசித்துவிட்டு, "எனக்கு ரெண்டு வயசு கூடப் போட்டிருக்கினம்" என்றார். அண்ணன் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

பிறகு, நான் சரியான நேரத்தில் பார்த்திருந்தால் அவர் அண்ணனை அந்த ஆஸ்பத்திரியிலேயே கண்டிருக்கலாம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் இருந்த ஆஸ்பத்திரி வாட்டில் காவல் இருந்ததாம். போன் இல்லை, கடிதம் இல்லை. அடையாள அட்டையோடு வருகிற சொந்தக்காரர் மட்டும் பின்னேரம் அரை மணித்தியாலம் பார்க்கலாம். பலருக்கு ஆட்கள் வந்தார்களாம். அவர் என்னைக் கோபிக்கவில்லை. யாரோ வேறொருத்தியின் கதையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்: "கண்டியிலயிருந்து பஸ்ஸில நாலு மணித்தியாலம்தான் எண்டு நேர்ஸிட்டைக் கேட்டு வைச்சிருந்தனான். அண்ணை என்னைக் கண்டு பயந்திடக் கூடாதெண்டு, ஒவ்வொரு நாளும் பின்னேரம் தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு இருப்பன்."

நேரத்தை மிச்சப்படுத்தும் வழிகள் எனக்கு இன்னும் ஒரு டசின் தெரியும். அவசரத்தில் இருக்கும் ஒருவருக்கும் அவற்றைச் சொல்வதில்லை.