டச்சப் இல்லாத முகம்

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் எனக்குக் குறை கண்டுபிடிக்கும் வேலை. தொங்கிக்கொண்டு வரும் ஒவ்வொரு பம்பரையும் ட்யூப் லைட்டுக்குக் கீழே பார்த்து, தூசி, கீறல், வழிசல் எது இருந்தாலும் மெழுகுப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். வருடக்கணக்கில் இதையே செய்தால் மனுஷனுக்குக் குணம் கெட்டுவிடும். டீக்கடைச் சுவரைப் பார்த்தாலும் எனக்கு வட்டம் போடக் கை அரிக்கும்.

அப்போது திருநெல்வேலியில் அக்கா எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோ கேட்டாள். சின்ன வயதில் புஸ்வாணம் வெடித்து என் வலது கன்னம் முழுக்கத் தழும்பு. ஸ்ரீபெரும்புதூர் ஸ்டுடியோக்காரர் நான் கேட்காமலே அதைத் துடைத்து, நிறத்தையும் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார். நானும் வாயை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டேன். பெண் வீட்டில் பிடித்துப்போய், அடுத்த மாதம் நேரில் வரச் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அறையில் கூட இருந்தவன் பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு வெளிநாட்டுக் காலண்டர் வாங்கிவந்து, சுண்ணாம்பு உதிரும் சுவரில் தாள் தாளாக ஒட்டியிருந்தான். மாதத்துக்கு ஒரு பேர்பெற்ற ஓவியர், தன் முகத்தைத் தானே வரைந்த படம். ஒரு மத்தியானம் சட்டைப்பையில் பென்சில் இருந்த தைரியத்தில் ஆரம்பித்தேன். ஒருவருக்குக் காதில் கட்டு, வட்டம். ஒரு அம்மாவுக்கு இரண்டு புருவமும் ஒட்டியிருந்தன, போதாததற்கு மீசை வேறு, இரண்டு வட்டம். இன்னொருவருக்குப் பாதி முகம் பச்சை. பன்னிரண்டும் ரிஜெக்ட்.

கடைசித் தாளிலும் வட்டம் போட்ட பிறகுதான் கை நின்றது. பிரஷ் இவர்கள் கையில்தானே இருந்தது? ஒரே இழுப்பில் மறைத்திருக்கலாம். கண்ணாடியைப் பார்த்து, இதுதான் நான் என்று காதுக் கட்டையும் மீசையையும் சேர்த்தே வரைந்திருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியிலிருந்து என் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். வட்டம் போட ஓர் இடம் இல்லை. லைனில் அப்படி ஒரு பம்பர் வந்தால் நாங்கள் நம்ப மாட்டோம், திருப்பித் திருப்பிப் பார்ப்போம்.

மறுநாளே ஸ்டுடியோவுக்குப் போய், டச்சப் செய்யாத படத்தைப் பிரின்ட் போடச் சொன்னேன்.

"இன்னாபா, ஷோக்கா கீற மூஞ்சிய வாணாங்கிற?" என்றார்.

பிரின்டை அக்காவுக்குக் கூரியர் செய்து, பெண்ணிடமே காட்டச் சொன்னேன். நாலு நாள் அக்காவிடமிருந்து தகவலே இல்லை. முடிந்தது கதை என்றே நினைத்தேன். ஐந்தாம் நாள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா போனில் கூப்பிட்டாள்.

"ஏலே, மொத போட்டோல உள்ளவரப் பாத்து, இம்புட்டு அழகான ஆளு நம்மள மதிப்பாரான்னு அவ பயந்துபோயி இருந்தாளாம். இவருன்னா வரட்டும்னு சொல்லிட்டா."

பஸ் வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரும் பார்க்காமல் கொஞ்சம் அழுதேன். அன்று கேன்டீனில் இரண்டாம் தடவை சோறு வாங்கினேன்.