எந்தக் கை உரிச்சது?

மொறம் நெறைய மல்லாட்டை. எங்க செஞ்சி பக்கம் வேர்க்கடலைய அப்படித்தான் சொல்லுவோம். அதத்தான் சிஸ்டர் வந்த மொத நாளே என் மடியில கொண்டாந்து வச்சாங்க. பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்து நாலு நாள்தான் ஆயிருந்தது. வலது கை விழுந்துடுச்சு, கால் இழுத்துது, வாய் ஒரு பக்கமா கோணிக்கிச்சு. பாக்க வந்த சொந்தக்காரங்க எல்லாம் ஆப்பிளும் பிரெட்டும் குடுத்துட்டு, “ஆடாம அசையாம படுத்திரு”ன்னு சொல்லிட்டுப் போனாங்க. என் ஆயுசுல மொத தடவையா பெரியவங்க பேச்ச ஒழுங்கா கேட்டுக்கினு இருந்தேன். அந்த நேரம் பார்த்து இந்தம்மா வந்து, “வலது கையால உரிங்கண்ணா”ன்றாங்க.

சிஸ்டருக்கு சிங்கவரம். நோயாளிங்கள வீட்டுக்கே வந்து பாத்துக்கிற வேலை. காலையில சைக்கிள்ல வந்தா சாயங்காலம்தான் போவாங்க. வாரத்துக்கு ஒரு தடவ வர்ற பிசியோ டாக்டர் சொல்லிக் குடுத்தத, மத்த ஆறு நாளும் விடாம செய்ய வைக்கிறது அவங்கதான். குளிக்க வைப்பாங்க, புடிச்சிக்கினு வாசல் வரைக்கும் நடக்க வைப்பாங்க. அப்புறம் மல்லாட்டை.

நான் மேல்மலையனூர் போற தனியார் பஸ்ல இருபத்தஞ்சு வருஷம் கண்டக்டர். அமாவாசைக் கூட்டத்துல காலு வைக்க எடம் இல்லாதப்பகூட ஜோக்கடிச்சே ஜனங்கள உள்ள தள்ளுவேன். அந்த வாய் போச்சேன்னு கவலை இருந்தாலும், அதவிட பெரிய கவலை சோறு. வலது கை இல்லாம எப்படி சாப்புடுறது? இடது கையால சாப்புட மனசு வரல. மூணு வேளையும் என் சம்சாரம்தான் ஊட்டிவிட்டா. அம்பது வயசுக்கு மேல, மீசை வச்சிக்கினு, ஆ காட்டுற ஆளு எப்படி இருப்பான்னு நெனச்சிப் பாருங்க. இது சாவுற வரைக்கும் இப்படியேதானோன்னு பயந்து கெடந்தேன்.

பயந்தவன் வேலைய ஒழுங்கா செய்யணும் இல்ல? செய்யல. வலது கை ஒரு மல்லாட்டைய உடைக்கிறதுக்குள்ள எனக்கு வேர்த்துக் கொட்டும், அழுகை வரும். அதனால சிஸ்டர் வெந்நீர் வைக்க உள்ள போனதும், இடது கையாலயும் பல்லாலயும் மடமடன்னு உடைச்சி குமிச்சிடுவேன். வலது கை, டிக்கெட் எடுக்காத பாசஞ்சர் மாதிரி சும்மா மடியில உக்காந்துனு வரும். ஒரு வாரம் இப்படியே ஓடுச்சு.

ஒருநாள் சிஸ்டர் ஒரு கைப்பிடி பருப்ப அள்ளிப் பார்த்தாங்க.

“இன்னாண்ணா, இது எந்தக் கை உரிச்சது?”

“வழ்து”ன்னு குழறினேன்.

“வலது கை உரிச்சிருந்தா பாதி நொறுங்கியிருக்கும். இதுல செவப்புத் தோல்கூட கிழியல. கல்யாணப் பொண்ணு மாதிரி அலுங்காம இருக்குது.”

நான் கோணவாயால சிரிச்சி மழுப்பப் பார்த்தேன். அவங்க சிரிக்கல.

“என்னை ஏமாத்துனா எனக்கு ஒண்ணும் இல்லண்ணா. பொழுது சாஞ்சா நான் சைக்கிள எடுத்துனு போயிடுவேன். நாளைக்கும் உங்களுக்கு ஊட்டப்போறது அண்ணிதான்.”

எத்தனை பேர செக்கிங்ல நிக்க வச்சி கேள்வி கேட்டிருப்பேன்! அன்னைக்கு என்கிட்ட காட்ட ஒரு டிக்கெட்டும் இல்ல.

மறுநாள் பிசியோ டாக்டர போன்ல கேட்டுக்கினு, என் பையனோட பழைய ஸ்கூல் சாக்ஸ என் இடது கையில மாட்டி விட்டாங்க. இனிமே அந்தக் கையால எதையும் புடிக்க முடியாது. வலது கை பருப்ப நசுக்குன நசுக்குல, செக்கே வேணாம், எண்ணெய் இறங்கியிருக்கும். மொத நாள் மூணு. அடுத்த வாரம் ஒரு பிடி. நான் கத்துனேன், திட்டுனேன், வாய் குழறுனதால நான் திட்டுனது எதுவும் அவங்களுக்குப் புரியல. அது என் நல்ல காலம்.

இப்ப நான் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். பேச்சு முக்கால்வாசி வந்துடுச்சு. மீதி கால்வாசி வராததே நல்லதுன்னு டிரைவருங்க சொல்றாங்க. சிஸ்டர் இப்ப தளவானூர்ல ஒரு வாத்தியார பாத்துக்கிறாங்க. அவங்களுக்கு எதுக்கு நன்றி சொல்லணும்னு யோசிச்சா, கை வந்ததவிட எனக்கு ஒரு மத்தியானந்தான் மொதல்ல ஞாபகம் வருது.

நான் படுத்து நாலு மாசம் கழிச்சி, கத்திரிக்கா கொழம்பு ஊத்துன சோத்த சிஸ்டர் என் முன்னாடி வச்சாங்க. வெரலு மடங்குது, சோறு வாய்க்கு வர்றதுக்குள்ள பாதி சட்டைக்குப் போவுது. என் சம்சாரத்துக்குப் பொறுக்கல, கைய நீட்டிட்டா. சிஸ்டர் அந்தக் கைய மெதுவா புடிச்சிக்கினாங்க.

“அவரு சாப்புடுவாரு. நீங்களும் ஒரு தட்டு போட்டுக்குங்க அண்ணி. இன்னும் எத்தன நாளைக்கு ஆறிப்போனதையே துண்ணுவீங்க?”

சோத்த பிசையறத விட்டுட்டு நிமிந்து பார்த்தேன். நாலு மாசமா அவ எப்ப சாப்புட்டான்னு நான் கேட்டதே இல்ல.

அவ எனக்கு எதிர்ல உக்காந்தா. ஆவி பறக்குற சோத்துல கைய வச்சா. “அப்பா, சுடுது”ன்னு வெடுக்குன்னு இழுத்துக்கினா.