அவர் சாப்பிடாத எலுமிச்சை சாதம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, அடுத்து ஐந்து வாரம் ரேடியேஷன் என்றார்கள். சனி, ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும். கணவருக்கு வேலை டெக்சாஸில், பிளானோவில். லீவு தீர்ந்ததும் கிளம்பிவிட்டார். எங்கள் விசாவே அந்த வேலையை நம்பித்தான் இருந்தது. விட்டுவிட்டு வாருங்கள் என்று எப்படிச் சொல்வது? வீட்டில் நானும் எட்டு வயது மகளும்தான். வலது கையைத் தூக்கவே முடியாத நிலையில் கார் ஓட்டும் பேச்சுக்கே இடமில்லை. தெரிந்தவர்கள் கொஞ்ச நாள் மாறி மாறி வந்தார்கள். அப்புறம் அவரவருக்கு ஆபீஸ். ஒவ்வொருவரிடமும் மறுபடி மறுபடி கேட்க எனக்கும் அலுத்துவிட்டது.

பக்கத்து ஊர் யூத ஆலயத்தைச் சேர்ந்த சிலர் நோயாளிகளைக் காரில் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள், யார் என்ன மதம் என்று பார்ப்பதில்லை என்று சொல்லி, ஆஸ்பத்திரியிலேயே ஏற்பாடு செய்தார்கள்.

வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். முடி தெரியாதபடி தலையில் துணி கட்டியிருப்பார். ஐந்து பிள்ளைகள், அதோடு பிற்பகலில் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. கண்ணுக்குக் கீழே எப்போதும் கருவளையம். காலை பத்து மணிக்கு வாசலில் கார் நிற்கும். இறங்கி வந்து, என்னைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்து, சீட் பெல்ட்டைப் புண்ணில் படாமல் மாட்டிவிடுவார். அதிகம் பேச மாட்டார். அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். பார்க்கிறவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டு, பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லியே நான் களைத்துப்போயிருந்தேன். ஒருமுறை நன்றி சொன்னபோது, நோயாளிக்குத் துணையிருப்பது தங்கள் மதத்தில் கடமை, இதில் தயவு ஒன்றுமில்லை என்றார்.

மூன்றாவது வாரம் தோல் வெந்து கறுத்துவிட்டது. இருந்தாலும் வெறுங்கையோடு ஏறி ஏறி உட்கார மனசு கேட்கவில்லை. யூதர்கள் சில மாமிசங்களைத் தொட மாட்டார்கள் என்று தெரியும். சைவமாக இருந்தால் சிக்கலில்லை என்று நினைத்து, எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தேன். பெரும்பாலும் இடது கையால்தான். நடுவில் இரண்டு தடவை தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டப்பாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வாசனை நன்றாக இருக்கிறது, ஆனால் தன்னால் சாப்பிட முடியாது, தப்பாக நினைக்க வேண்டாம் என்றார்.

தப்பாகத்தான் நினைத்தேன். எங்கள் ஊரில் எங்கள் சாதிக்காரர் வீட்டில் மற்றவர்கள் கை நனைக்க மாட்டார்கள். அப்பா பள்ளி ஆசிரியர். அக்கா கல்யாணத்துக்கு அவரோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். பந்தலில் நின்றபடியே, "இப்பதான் சார் சாப்பிட்டு வந்தோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். தண்ணீர்கூட வாங்கவில்லை. அவர்களுக்காகப் போட்ட இலைகளை அப்பாவே எடுத்தார். இந்தப் பெண்ணும் இத்தனை நாளில் ஒருமுறைகூட என் வீட்டுக்குள் வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போகும்போதும் வரும்போதும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

கணவரிடம் போனில் சொன்னேன். அவரும் பாவம், மீட்டிங்குக்கு நடுவில் எடுத்திருந்தார். "நீ எதுக்கு சமைச்ச? ரெஸ்ட் எடுன்னுதானே சொன்னேன்," என்றார். அதற்கு மேல் பேச இரண்டு பேருக்குமே தெம்பில்லை.

நாளை வர வேண்டாம் என்று அந்தப் பெண்ணுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டு, மறுநாள் டாக்ஸியில் போனேன். டிரைவர் வேறு வாசலில் இறக்கிவிட்டார். குளிரில் கட்டடத்தையே சுற்றி நடந்துதான் போய்ச் சேர்ந்தேன்.

அன்று சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. மகள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, யுவர் டிரைவர் இஸ் ஹியர்" என்றாள். எனக்குக் கூசிப்போனது.

பள்ளிக்கூடம் முடிந்து நேராக வந்திருந்தார். வாசலிலேயே நின்று, "நான் உங்க மனசைப் புண்படுத்திட்டேனா?" என்று கேட்டார்.

உள்ளே கூப்பிட்டேன். தயங்காமல் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். அமெரிக்காவில் நான் யாரிடமும் சொல்லாத அந்தக் கல்யாணக் கதையை, தடுமாறும் ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னேன். முழுதும் கேட்டார். பிறகு, "எங்க மதச் சட்டப்படி வச்சிருக்கிற பாத்திரத்துல சமைச்சதைத்தான், சைவமா இருந்தாலும், நாங்க சாப்பிடலாம். என் சொந்தத் தங்கச்சி சமைச்சதையும் நான் சாப்பிடறதில்ல. அவ எங்க சமையல் முறையை விட்டுட்டா. இந்தச் சட்டம் என் வாய்க்குத்தான், உங்க வீட்டுக்கு இல்ல," என்றார். வீட்டுக்குள் வந்தால் நோயாளி எழுந்து உபசரிக்க வேண்டியிருக்கும், அதனால் வாசலோடு நின்றுகொள்ளும்படி தங்களுக்குச் சொல்லியிருப்பதையும் சொன்னார்.

மேசையில் வாழைப்பழம் இருந்தது. சமைக்காத பழத்துக்கு அந்தச் சட்டம் இல்லை, எடுத்துக்கொள்ளலாமா என்று அவராகக் கேட்டார். முணுமுணுப்பாக ஏதோ ஜெபம் சொல்லிவிட்டு உரித்துச் சாப்பிட்டார். பிறகு இன்னொன்று. எனக்குப் பதிலாக அன்று காலை வேறொரு நோயாளியைக் கூட்டிப் போயிருக்கிறார். மத்தியானம் சாப்பிட நேரமே கிடைக்கவில்லையாம். நான் தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். என்னைவிடக் களைத்துப்போன ஒருத்தியை அப்போதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

மறுநாளிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, உள்ளே உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புவார். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். இரண்டு பேருக்குமே அந்தப் பத்து நிமிடம் தேவையாக இருந்தது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. சூரியன் மறைந்தால் அவர்களுக்கு ஓய்வு நாள். அதற்குள் வீட்டில் வேலை கிடக்கிறது என்று அவசரமாகக் கிளம்பினார். அழுவேன் என்று நினைத்திருந்தேன், அசதியில் அழுகைகூட வரவில்லை.

இப்போது நலமாக இருக்கிறேன். அப்பாவின் பந்தலில் நின்றுவிட்டுப் போனவர்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் போவதில்லை. யாராவது ஒன்றை வேண்டாம் என்றால் இன்றும் முதலில் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கும் வரை அந்த வலியை நிறுத்தி வைக்க, என் சோற்றைத் தொடாமல் தினமும் என்னைத் தாங்கிப் பிடித்த அந்தக் கைகளிடம்தான் கற்றுக்கொண்டேன்.