அராசெலியின் அறைக் கதவு

வேண்டாம் வேண்டாம் என்று ஒதுங்கினாலும் சில வேலைகள் நம்மைத் தேடி வந்து தலையில் உட்கார்ந்துகொள்ளும். வெளிநாட்டிலிருந்து ஒரு வருடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கும், அவர்களை வீட்டில் வைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கும் நடுவில் நின்று பேச, உலகத்தின் வடகோடியில் கிடக்கும் எங்கள் தீவுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். எல்லோரும் குனிந்து காபிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கழுத்து வலிக்கிறதே என்று நிமிர்ந்தேன். அவ்வளவுதான், "ஓட்னி இருக்காளே" என்று முடித்துவிட்டார்கள். சம்பளம் கிடையாது. வருத்தமெல்லாம் என் பங்கு.

என் பிழைப்பு படகில். தீவுக்கும் கரைக்கும் நடுவே கார்களை ஏற்றிக்கொண்டு போய்வரும் படகில் காபியும் ஸ்வேலெயும் விற்கிறேன். ஸ்வேலெ என்றால் தடிமனான இனிப்பு தோசை, நடுவில் வெண்ணெய் தடவி மடித்துக் கொடுப்போம். தீவில் யாருக்கு என்ன நடந்தாலும் என் கவுண்டரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். நவம்பர் கடைசியில் ஒருநாள் காலை, காலை என்று கடிகாரம்தான் சொன்னது, வெளியே கும்மிருட்டு, அந்த வருடம் ஒரு பெண்ணை வீட்டில் வைத்திருந்த ரக்னில் வந்து ஸ்வேலெ வாங்கினாள். வாங்கியதைத் தின்னாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓட்னி, அந்தப் பொண்ணு எங்ககிட்ட சந்தோஷமா இல்ல. அவளை ஊருக்கு அனுப்பிடறதுதான் அவளுக்கு நல்லது" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவள் உண்மையான அக்கறையோடு சொன்னாள். அதனால்தான் எனக்கு அலுப்பாக இருந்தது. எங்கள் ஊரில் முக்கால்வாசிக் கஷ்டம் அக்கறையால்தான் வருகிறது.

அந்தப் பெண் அராசெலி. பதினேழு வயது. பராகுவே நாட்டில் என்கார்னசியோன் என்ற ஊரிலிருந்து வந்தவள். அவள் அம்மா பேருந்து நிலையத்தில் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட சீபா என்ற ரொட்டியைக் கூடையில் வைத்து விற்பவள். பள்ளிக்கூடமே கூடி இவளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறது. தெருவே பேருந்து வரைக்கும் வந்து வழியனுப்பியிருக்கிறது. பாதியில் திரும்பினால் படித்த படிப்பு எதிலும் சேராது, அதே வகுப்பில் மறுபடியும் உட்கார வேண்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்கு இருந்தது. வந்த புதிதில் என்னிடம் சொன்னாள்: "நான் பாதியில போய் நின்னா எங்கம்மா கூடையைத் தூக்கிட்டு வெளிய போக முடியாது. ஆளாளுக்குக் கேப்பாங்க. எப்படியாவது ஜூன் வரைக்கும் இருந்துடணும்."

ஆகஸ்டில் வந்து இறங்கியவள் படகுத்துறையில் எல்லோரையும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். ரக்னிலின் கணவன் தோர்ஸ்தைன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மரம் மாதிரி நின்றான். சால்மன் பண்ணையில் வலை பார்க்கிறவன். நாள் முழுக்க மீனோடு இருப்பவனுக்கு முத்தமெல்லாம் பழக்கமில்லை. அவர்கள் மகன் ட்ரொன்ட்ஹைம் நகரத்துக்குப் படிக்கப் போய்விட்டதால் அவன் அறையை வெள்ளையடித்து, புதுப் போர்வை வாங்கிப் போட்டு, இந்தப் பெண்ணுக்கு வைத்திருந்தார்கள். குறை சொல்ல முடியாது.

அவளும் முதல் வாரம் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தாளாம். அவள் ஊரில் தெரெரே என்று ஒன்று குடிப்பார்கள். ஒரு குவளையில் இலையைப் போட்டுக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஓர் உலோகக் குழலால் உறிஞ்சிவிட்டு அடுத்த ஆளுக்கு நீட்டுவார்கள். எல்லோருக்கும் ஒரே குழல். அவள் தோர்ஸ்தைனிடம் நீட்டியிருக்கிறாள். இவன் நன்றி சொல்லிவிட்டு, சின்னப் பெண்ணின் பங்கை நாம் ஏன் பிடுங்க வேண்டும் என்று, எழுந்துபோய்த் தனக்குக் காபி ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறான். இதை அவனே பெருமையாக என்னிடம் சொன்னான்.

அக்டோபரில் அவள் சமையலறைக்கு வருவது குறைந்தது. நவம்பரில் சாப்பாட்டுக்கு மட்டும் வந்தாள். வெள்ளிக்கிழமை டாக்கோ, சனிக்கிழமை பால்கஞ்சி, மற்ற நாளெல்லாம் மீன். தின்றுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அறைக்குப் போய்விடுவாள். அப்புறம் சூரியனும் போய்விட்டது. ஜனவரி நடுவில்தான் இனி முகம் காட்டும். பிறந்ததிலிருந்து இங்கேயே கிடக்கிற எனக்கே அந்த மாதங்களில் கை கால் ஈயமாகக் கனக்கும். மீனெண்ணெயை ஒரு கரண்டி விழுங்கிவிட்டு எப்படியோ ஓட்டுவோம். அவள் என்ன செய்வாள்? படகில் பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். "நல்லாயிருக்கேன், ஓட்னி" என்பாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருக்கும்.

பிள்ளைகளை அனுப்பிவைக்கும் சங்கத்தின் விதி எளிது. குடும்பம் வேண்டாம் என்றால் வேறு குடும்பம் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் பிள்ளையை ஊருக்கு அனுப்ப வேண்டும். கவுண்டருக்கு வந்த ஒருவரையும் விடாமல் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் நல்ல பெண் என்றார்கள். ஆனால் எல்லோர் வீட்டிலும் அப்போதுதான் குளியலறையை இடித்துப் போட்டிருந்தார்களாம். அந்தக் குளிர்காலம் பாதித் தீவு குளிக்காமல் இருந்திருக்க வேண்டும்.

கடைசியில் டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை ரக்னில் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. கிறிஸ்துமஸ் மாதம் என்று ஜன்னலில் காகித நட்சத்திரம் எரிந்தது. மேசையில் கேக், ஊதா மெழுகுவத்தி. இப்படியெல்லாம் அலங்காரம் செய்துதான் நாங்கள் ஒரு பிள்ளையை ஊருக்கு அனுப்புவோம். ரக்னில் தொண்டையைச் செருமிக்கொண்டு, யார் மேலும் தப்பில்லை, எல்லோருக்கும் இந்த நாட்டுக் குளிர்காலம் ஒத்துக்கொள்ளும் என்றில்லை, தனியாக இருக்க விரும்புவதும் தப்பில்லை என்று மென்மையாகச் சொல்லிக்கொண்டே போனாள். தோர்ஸ்தைன் கேக்கை அளந்து அளந்து வெட்டிக்கொண்டிருந்தான். அராசெலி எல்லாவற்றுக்கும் சரி என்றாள். பெட்டியை ஏற்கெனவே கட்டி வைத்துவிட்டதாகவும் சொன்னாள்.

அவள் மறுப்பாள், அழுவாள், நான் ஏதாவது சமாதானம் பேசலாம் என்று நினைத்துப் போயிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பெட்டி எடை சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று சாக்குச் சொல்லி அவளோடு அறைக்குப் போனேன்.

அறை ஐஸ்பெட்டி. ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. என் வீட்டிலும் படுக்கையறை ஜன்னல் அப்படித்தான் இருக்கும். நல்ல காற்று வர வேண்டாமா? அவள் கட்டிலில் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்தாள். நான் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அப்போது கூடத்திலிருந்து ரக்னில் வந்தாள். எங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று, சத்தமே வராமல், கதவை மெதுவாகச் சாத்தினாள்.

அந்தப் பெண்ணின் முகத்தை அப்போது பார்த்தேன். யாரோ அடித்துவிட்டதுபோல் சுருங்கிப்போயிற்று.

"என்னடி ஆச்சு?" என்று கேட்டேன்.

முதலில் ஒன்றுமில்லை என்றாள். நான் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். இந்த உடம்பை நகர்த்துவது லேசில்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"தினமும் இதேதான். நான் கதவைத் திறந்து வெப்பேன். அவங்க வருவாங்க, குட் நைட் சொல்வாங்க, இந்தக் குளிர்ல ஜன்னலைத் திறந்து விடுவாங்க, கதவைச் சாத்திட்டுப் போயிடுவாங்க. நான் மறுபடி திறப்பேன். மறுபடி வந்து சாத்துவாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்ல யாரும் யாரையும் உள்ள வெச்சுக் கதவைச் சாத்த மாட்டோம். மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கலைன்னாதான் சாத்துவோம். இவங்க ஒருநாள்கூட கத்தலை, திட்டலை. மெதுவா, சத்தம் வராம சாத்துறாங்க. இதுக்கு மேல எப்படிச் சொல்வாங்க, போயிடுன்னு? அதான் நான் வெளியவே வர்றதில்ல. பிடிக்காதவங்க கண்ணுல படாம ஜூன் வரைக்கும் இருந்துடலாம்னு பார்த்தேன்."

இதை ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை என்று யாரைக் கேட்பது? நானும் இந்த ஊர்க்காரிதான். சாத்திய கதவு எனக்கும் கதவாகவே தெரியாது. எழுந்து போய் அதைத் திறந்தேன். ரக்னில் திரும்பி வந்து வாசலில் நின்றிருந்தாள். கையில் எங்களுக்குக் கொண்டுவந்த கேக் தட்டு. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"நிம்மதியா இருக்கட்டும்னுதானே சாத்தினேன்" என்றாள். என்னிடம் சொல்கிறாளா, அந்தப் பெண்ணிடம் சொல்கிறாளா என்று தெரியவில்லை. "குளிர் கூடத்துக்கு வந்தா மின்சாரச் செலவு ஏறும்... அவளுக்கும் ஒரு தனிமை வேணும்... எம் பையனுக்கும் அப்படித்தான் சாத்துவேன். நான் ஒண்ணும்..." அவள் உள்ளே வந்து அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்வாள் என்று நினைக்கிறீர்களா? எங்கள் ஊர்க்காரிகளுக்கு அதெல்லாம் வராது. வாசலில் நின்றாள். இவள் கட்டிலில் இருந்தாள். நடுவில் நான்.

தோர்ஸ்தைனுக்கும் எல்லாம் கேட்டிருக்கிறது. சமையலறையிலிருந்து வந்தான். மனைவியைத் தோளைப் பிடித்து லேசாக ஓரம் நகர்த்தினான். கதவை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு எம்பு எம்பி, கீலிலிருந்து அப்படியே தூக்கிக் கழற்றினான். கழற்றிய கதவை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூடம் வழியாகப் போனான். போகிற வழியில் விளக்கை இடித்தான், ரக்னிலின் பூந்தொட்டி ஒன்றைக் கவிழ்த்தான். பனியில் இறங்கிப் படகுக் கொட்டகை வரைக்கும் போனது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வெறும் கையோடு திரும்பி வந்து, செருப்பில் ஒட்டிய பனியைத் தட்டினான்.

"இனிமே வீடு குளிரும். ஆளுக்கொரு ஸ்வெட்டர் போட்டுக்குங்க" என்றான். பிறகு உட்கார்ந்து கேக் தின்ன ஆரம்பித்தான்.

ரக்னில் அந்த அறைக்குள் போனாள். ஜன்னலைச் சாத்தினாள். அவள் வாழ்நாளில் ஒரு படுக்கையறை ஜன்னலைச் சாத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் இனிப்பாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அராசெலி ஜனவரி முழுக்கச் சோர்ந்துதான் கிடந்தாள். சூரியன் திரும்பிய அன்று, அதை வரவேற்கப் பள்ளியில் வழக்கம்போல் பன் கொடுத்தபோது, எட்டிப் பார்த்துவிட்டுப் போன அந்தத் துண்டு வெளிச்சத்தைப் பார்த்து அழுதிருக்கிறாள். கணக்கில் தோற்றாள், மறுபடி எழுதித் தேறினாள். கதவில்லாத வீட்டில் சண்டையும் வந்தது. ரக்னில் தினமும் என் கவுண்டரில் நின்று பொருமினாள். போனில் அம்மாவோடு கத்திக் கத்திப் பேசுகிறாளாம், ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறாளாம், சொன்னால் எதிர்த்துப் பேசுகிறாளாம். "உனக்கென்ன, நீ பாட்டுக்கு காபி விக்கிற. எனக்கில்ல தெரியும் அவகூட மல்லுக்கட்டறது" என்பாள். நான் ஸ்வேலெயை மடித்துக் கொடுத்துக்கொண்டே கேட்பேன். ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று ஒருமுறை வேண்டுமென்றே கேட்டேன். காசை எறிந்துவிட்டுப் போனாள், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

தோர்ஸ்தைன் தெரெரே குடிக்கப் பழகினான். அதே குழலில்தான். மருந்து குடிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு உறிஞ்சுவானாம்.

ஜூனில் அவள் போனாள். முழு வருடம், முடித்ததற்கான சான்றிதழோடு. படகுத்துறையில் எல்லோரையும் கட்டிப்பிடித்தாள். தோர்ஸ்தைனுக்குக் கையை எங்கே வைப்பது என்று இந்த முறையும் சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் எங்கேயோ வைத்தான். ரக்னில் துறைக்கு வரவில்லை, வேலை இருக்கிறதாம். படகு நகர்ந்த பிறகு பார்த்தால், துறைக்கு மேலே நிறுத்தியிருந்த காருக்குள் உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபரில் மறுபடியும் என் தலைவிதி. தென்கொரியாவிலிருந்து வந்த ஒரு மாணவிக்கு வீடு ஒத்துவரவில்லை, மாற்று இடம் வேண்டும். கேட்கலாம் என்று ரக்னில் வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததுமே குளிர் கணுக்காலைப் பிடித்தது. கூடத்துச் சுவரில் அந்தக் கதவு சாய்த்து வைத்திருந்தது. கொட்டகையில் ஈரத்தில் வீங்குகிறதே என்று தோர்ஸ்தைன் செப்டம்பரிலேயே தூக்கி வந்துவிட்டானாம். ஆனால் மாட்டவில்லை.

அராசெலி போய் நாலு மாதமாக ஆளில்லாத அறை, வீட்டுச் சூடெல்லாம் அதில் போய் வீணாகிறது, ஏன் இன்னும் மாட்டாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். தோர்ஸ்தைன் மனைவியைப் பார்த்தான். ரக்னில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இருக்கட்டும் ஓட்னி" என்றாள். "சாத்தினா அவ தப்பா நினைச்சுக்குவா."