சொல்லிக்கொள்ளாமல் போகிற வீடு

நைனா செத்தபோது எனக்குப் பதினேழு வயது. துக்கத்துக்கு வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழுவார்கள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம். சீ, இதென்ன மனுசங்க என்று எரிச்சலாக வந்தது.

"சாவு வூட்ல போய்ட்டு வரேன்னு சொல்லக் கூடாதுடி. சொன்னா சாவும் திரும்பி வரும்," என்றாள் நைனாவின் தங்கை, என் அத்தை.

அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே செத்துப்போய்விட்டாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நைனா கட்டிய வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை என்னை அவலூர்பேட்டைக்குக் கூப்பிட்டாள். பிளஸ் டூ பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. இங்கேயே இருந்து எழுதுகிறேன் என்றேன்.

"வயசுப் பொண்ணு தனியா இருந்து இன்னா கிழிக்கப் போற? பெயில் மட்டும் ஆவு, கையப் புடிச்சி இஸ்துகினு போறேன்."

அவளும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது, பழக்க தோஷம், "நைனா, போய்ட்டு வரேன்" என்று கத்திவிட்டேன். "ம்ம், பாத்துப் போ" என்பார் எப்போதும். வீடு சும்மா கிடந்தது. அப்புறம்தான் பயம் பிடித்தது. இந்த வீட்டில் இனிமேல் சாக நான் ஒருத்திதானே பாக்கி! படியில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்குப் பள்ளிக்கே போகவில்லை. அடுத்த நாளும் வாய் தவறியது. மூன்றாம் நாள் வேண்டுமென்றே சொன்னேன். வந்தால் வரட்டும், போ.

ஒரு சாயங்காலம் சோறு பாதி வெந்திருக்கும்போது கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் மாற்றுவது நைனா வேலை. பக்கத்து வீட்டில் கூப்பிட்டால் வருவார்கள். அத்தை காதுக்குப் போய்விடுமே என்று கூப்பிடவில்லை. புது சிலிண்டரில் ரெகுலேட்டர் உட்காரவே மாட்டேன் என்றது. கேஸ் நாற்றம் வேறு. ஜன்னலைத் திறந்துவிட்டு, "இத ஏன் எனக்குச் சொல்லிக் குடுக்கல?" என்று செத்த மனிதரைத் திட்டினேன். நாலாவது தடவை டக்கென்று உட்கார்ந்தது. அரைவேக்காட்டுச் சோற்றை மறுபடி ஏற்றி, மோர் ஊற்றித் தின்றேன். மாட்டிவிட்டேன் என்று பீற்றிக்கொள்ள ஒரு ஆள் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பரீட்சையில் பாஸானேன். ரிசல்ட் வந்த மறுநாள் அத்தை வந்தாள். அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள். என் சாம்பாரில் உப்பு கம்மி என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டாள். கூட வா என்று கூப்பிடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டினாள். சொல்லாமல் போகிறவளை எதற்குப் பார்ப்பது என்று நான் திரும்பி நின்றுகொண்டேன்.

"இன்னாடி அந்தப் பக்கம் பாத்துனு நிக்கிற? போய்ட்டு வரேன்."

"ம்ம், பாத்துப் போ," என்றேன்.

அவள் அண்ணன் சொல்வது போலவே இருந்திருக்க வேண்டும். அத்தை அப்படியே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவலூர்பேட்டை பஸ் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது.