கனகத்தின் கணக்குப் பரீட்சை

முதல் பீரியட் மணியை அடித்த கையோடு கனகம் அறிவியல் கூடத்துக்குள் வந்துவிடுவார். கருங்கல் மேஜைகளை வரிசையாகத் துடைப்பார். கடைசி மேஜைக்கு வந்ததும் துணியை வைத்துவிட்டு, ஈர விரலால் அதன்மேல் ஒரு சூத்திரம் எழுதுவார். மின்விசிறிக் காற்றில் அது காய்ந்து மறைந்ததும் மறுபடி எழுதுவார்.

"நோட்டுல எழுதினா பாத்துக்கலாம்னு ஒரு தைரியம் வந்துடுது டீச்சர். இது போயிடுது பாருங்க. போனப்புறமும் எழுத வந்தா, மண்டையில ஏறிடுச்சுன்னு அர்த்தம்."

மாரெட்பள்ளியில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் அவர் பதினான்கு வருடமாக ஆயா. வயது நாற்பத்து மூன்று. சிக்கந்திராபாத்திலேயே பிறந்தவர், தெலுங்கு மீடியத்தில் ஏழாவதோடு நின்றவர். தமிழில் பேசுவார், தெலுங்கில் எழுதுவார், ஹிந்தியில் எண்ணுவார்.

2008இல் லேப் அட்டெண்டர் ஓய்வு பெற்றபின் அந்த வேலையையும் இவரே பார்த்தார். எந்தப் புட்டி எந்த அலமாரியில் என்று எங்களைவிட அவருக்குத்தான் தெரியும். ஆனால் அந்தப் பதவிக்குப் பத்தாவது சான்றிதழ் வேண்டும். இரண்டு வருடம் பொறுப்பதாகவும், 2010 ஜூனில் வெளியாளை எடுத்துவிடுவோம் என்றும் தாளாளர் சொல்லிவிட்டார்.

கனகம் ஓப்பன் ஸ்கூலில் சேர்ந்தார். ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதத் தேவையில்லை. தேறிய பாடம் தேறியதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் திருமுல்கேரியில் வகுப்பு. பக்கத்து இருக்கையில் ஐ.டி. கம்பெனி கேப் ஓட்டும் ஜகதீசன், ராத்திரி டியூட்டி முடித்த களைப்பில் தூங்கி விழுவார். அவரைப் பேனாவால் குத்தி எழுப்புவதும் கனகம்தான்.

நான்கு பாடம் தேறின. கணக்கு இரண்டு தடவை போயிற்று. மல்லாபூர் தொழிற்சாலையில் லேத் ஓட்டும் கணவர் வரதராஜன், "போதும்மா. இந்த வயசுல எதுக்கு இந்த அவஸ்தை?" என்றாராம்.

"நக்கோ, வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க. நாலு வந்துடுச்சு, ஒண்ணுக்காக உக்காந்துடுவேனா?" என்று பதில் சொன்னதை என்னிடம் சொல்லிவிட்டு, "அப்புறம் அவரே சாயந்திரம் சோறு வடிச்சாரு" என்றார்.

மூன்றாவது தடவை தேர்வு மையம் எங்கள் பள்ளியிலேயே அமைந்தது. ஏப்ரல் வெயில். காலையில் அவரே அறையைப் பெருக்கினார், பெஞ்சுகளில் எண்களை ஒட்டினார். அவற்றில் ஒன்று அவருடையது. பிறகு முகம் கழுவி, வேறு சேலை கட்டி, ஹால் டிக்கெட்டோடு மற்றவர்களுடன் வரிசையில் நின்றார்.

அந்தத் தேர்வில் அவருக்கு நாற்பத்திரண்டு மதிப்பெண் வந்தது. ஜூனில் கூடத்தின் சாவியைத் தாளாளர் அவரிடமே கொடுத்தார்.

ஆனால் தேர்வு அன்று அந்த அறையில் கண்காணிப்பாளராக இருந்த நான் ஒரு தவறு செய்தேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். தொண்டை வறண்டது. யோசிக்காமல், "கனகம், கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்க" என்றேன்.

அறையே நிமிர்ந்து பார்த்தது. கனகம் பேனாவை வைத்துவிட்டுப் பாதி எழுந்தார். அப்படியே ஒரு கணம் நின்றார். பிறகு சேலையைச் சரிசெய்து உட்கார்ந்து, வலது கையை உயர்த்தினார்.

"டீச்சர், அடிஷனல் ஷீட்."