பங்குனியில் ஒரு குல்லாய்

மருமகள் கைபேசியில் கம்பளிப் பின்னல் படங்களைப் பார்த்துக்கொண்டே, “அத்தே, இந்தப் பங்குனிக்கு இன்னா பின்னலாம்?” என்றாள். ஆவடி வீட்டில், என்றைக்கோ அம்மாவின் கம்பளி நூலில் வீசிய ரத்த வாடை மறுபடி என் மூக்கில் ஏறியது.

அது உலகப்போர்க் காலத்துப் பங்குனி; நான் சிறுமி. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் துணி துவைத்த அம்மாவுக்கு, அங்கிருந்த நர்ஸ் பின்னக் கற்றுக்கொடுத்துக் காக்கிக் கம்பளி நூலும் நீள இரும்பு ஊசிகளும் தந்திருந்தாள். ஐப்பசி மழையில் பிறக்கப்போகும் பிள்ளைக்குக் குல்லாய் என்று அம்மா முடிவு செய்தாள். முழுகாமல் இருப்பதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

“இந்த வெயில்ல எவனுக்குடி கம்பளி? எந்தச் சிப்பாய்க்கு?” கள் நாற்றத்தோடு அப்பா அவள் மயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் நூலை நனைத்தது.

“வயித்துல புள்ள கீதுய்யா!”

“யாருதுடி?” என்று வயிற்றில் உதைக்கக் காலைத் தூக்கினார். அம்மா இரும்பு ஊசியை அவர் கெண்டைக்காலில் பாதிவரை இறக்கினாள். அவர் அலறி விழுந்தார். அவள் ஊசியைப் பிடுங்கி, முந்தானையில் துடைத்து, நழுவிய கண்ணிகளை மறுபடி கோத்தாள். அப்பா அப்புறம் கை ஓங்கவே இல்லை.

மருமகள் கைபேசியை என் பக்கம் நீட்டினாள். அவள் முழங்கையில் என் மகனின் விரல் தடங்கள் கன்றிப்போய்ப் பதிந்திருந்தன.

“எதை வேணா பின்னு. ஊசிய மட்டும் இரும்புல வாங்கு,” என்றேன்.